புகார்க் கடிதம் எழுதத் தெரியுமா உங்களுக்கு?

தமிழ்ப்பள்ளியில் படித்தபோது புகார்க் கடிதம் எழுதக் கற்றுக்கொடுத்தார்கள். உங்களுக்கும் நினைவிருக்கும். இடப்பக்கம் அனுப்புநர், கீழே பெறுநர், தேதி, 'ஐயா' என்ற விளி, அதன் கீழ் கோடிட்ட தலைப்பு. 'எங்கள் குடியிருப்புப் பகுதியில் கால்வாய் அடைத்துக் கிடப்பது தொடர்பாக' என்று எழுதுவோம். அடுத்த மாதம் தெருநாய்த் தொல்லை. இடைநிலைப்பள்ளிக்குப் போன பிறகும் அதே கால்வாய், அதே தெருநாய். மொழி மட்டும் மலாய்க்கு மாறியது. இரண்டு மொழிகளிலும் நல்ல புள்ளிகள் வாங்கினேன்.

ஆனால் உண்மையாகவே ஒரு புகார் எழுத வேண்டிய நாள் வந்தபோது, படித்ததில் ஒரு வரிகூட நினைவுக்கு வரவில்லை. அந்த நாள் கடந்த தீபாவளி. பெறுநர், தம்பி விளையாடும் இணைய விளையாட்டை நடத்தும் வெளிநாட்டு நிறுவனம்.

99 வெள்ளி 90 சென்

எங்கள் வீடு சிம்பாங் அம்பாட்டில். அப்பாவுக்குப் பத்து காவான் தொழிற்பேட்டையில் ஷிஃப்ட் வேலை. நான் தீவிலுள்ள பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டு. தம்பி அப்போது படிவம் 4.

தம்பி விளையாடும் விளையாட்டின் பெயரை நான் இங்கே எழுதப் போவதில்லை. ஐந்து பேர் ஒரு குழுவாகச் சேர்ந்து கைப்பேசியில் ஆடுவது. அவன் குழுவில் இருக்கும் ஐவரும் தமிழ்ப்பள்ளியில் ஒன்றாகப் படித்தவர்கள். இப்போது ஒருவன் ஜொகூரில், ஒருவன் தங்கும் விடுதிப் பள்ளியில், மற்ற இருவரும் வேறு பள்ளிகளில். நேரில் பார்த்து ஓராண்டுக்கு மேல் ஆகிறது. சனி, ஞாயிறு இரவு ஒன்பது மணிக்கு அந்த விளையாட்டுக்குள்தான் சந்தித்துக்கொள்வார்கள். பாதி நேரம் விளையாட்டு, பாதி நேரம் கதை.

தீபாவளி அன்று, அக்டோபர் 20-ஆம் தேதி, உறவினர்கள் கொடுத்த அங்பாவ் பணத்தை எண்ணிப் பார்த்தான். நூறு வெள்ளியை என்னிடம் கொடுத்துவிட்டு, "அக்கா, உங்க இ-வாலட்ல இருந்து 99.90-க்கு காயின் வாங்கிக் குடுங்க" என்றான். வாங்கினேன். என் இ-வாலட்டில் பணம் போனது. 'கட்டணம் வெற்றி' என்று பச்சை நிறத்தில் வந்தது. விளையாட்டுக்குள் போய்ப் பார்த்தால் காயின் வரவில்லை.

அரை மணி நேரம் காத்திருந்தோம். பிறகு தம்பி உதவிப் பக்கத்தைத் திறந்து எழுதினான். முழுவதும் ஆங்கிலப் பெரிய எழுத்தில், ஆறு ஆச்சரியக்குறிகளோடு, பணத்தைத் திருடிவிட்டீர்கள் என்று இரண்டு வரி. உடனே பதில் வந்தது: தொடர்புகொண்டதற்கு நன்றி, உங்கள் அனுபவம் எங்களுக்கு முக்கியம், இதோ உங்கள் புகார் எண். மறுநாள் காலையில் இன்னொரு மின்னஞ்சல்: இணைய இணைப்பைச் சரிபாருங்கள், செயலியை மீண்டும் பதிவிறக்கம் செய்யுங்கள். அன்று மாலையே மூன்றாவது: உங்கள் பிரச்சினை தீர்ந்துவிட்டதாகக் கருதி இந்தப் புகாரை மூடுகிறோம், எங்கள் சேவைக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள்?

தம்பி கோபத்தில் இன்னும் இரண்டு புகார் அனுப்பினான். அவற்றுக்கும் எண் கிடைத்தது.

மூன்று கதவுகள்

பிறகு நான் இறங்கினேன். விளையாட்டு நிறுவனத்திடம் கேட்டேன். பணம் செயலிக் கடை வழியாகத்தான் வந்தது, அங்கே கேளுங்கள் என்றார்கள். செயலிக் கடையில் கேட்டேன். பொருளைக் கொடுக்க வேண்டியவர் விளையாட்டு நிறுவனம், அவர்களிடம் கேளுங்கள் என்றார்கள். இ-வாலட்டில் கேட்டேன், எங்கள் பக்கம் பணம் சரியாகப் போய்விட்டது என்றார்கள். மூவர் சொன்னதும் பொய் இல்லை. ஆனால் மூன்று கதவுக்கும் நடுவில் நின்றுகொண்டிருந்தது நாங்கள்.

அக்டோபர் 23, வியாழக்கிழமை. பிற்பகல் 2.30 மணிக்கு இரண்டு வகுப்புகளுக்கு இடையே செயலிக் கடையில் 'பணத்தைத் திரும்பப் பெறு' என்ற பொத்தானைப் பார்த்தேன். அழுத்தினேன். தம்பியிடம் சொல்லவில்லை, பணம் வந்ததும் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

அன்று மாலை 4.10-க்கு, மூன்று நாள் தாமதமாக, காயின் வந்து சேர்ந்தது. பள்ளி முடிந்து வந்த தம்பி அதைப் பார்த்திருக்கிறான். பிரச்சினை தீர்ந்தது என்று நினைத்து, பாதிக்கு மேல் செலவழித்துத் தன் கதாபாத்திரத்துக்கு ஓர் உடை வாங்கிவிட்டான். அவனும் என்னிடம் சொல்லவில்லை.

மறுநாள் என் பணம் திரும்பி வந்தது. அதற்கு அடுத்த நாள் தம்பியின் கணக்கு முடக்கப்பட்டது. காரணம் ஒரே வரி: கட்டணம் திரும்பப் பெறப்பட்டுள்ளது. அவர்கள் கணக்கில் பார்த்தால், காயினை வாங்கிச் செலவழித்துவிட்டுப் பணத்தையும் திருப்பி வாங்கிய ஏமாற்றுக்காரன் என் தம்பி.

அப்பா இரவு ஷிஃப்ட் முடித்து வந்து விஷயத்தைக் கேட்டார். "பணம் திரும்ப வந்துடுச்சுல்ல? அப்புறம் ஏன் மூஞ்சிய தூக்கி வச்சிருக்கான்?" என்றார். அவர் கேட்டதில் தவறில்லை. படிவம் 1-இலிருந்து அவன் கட்டிக்கொண்டு வந்த கணக்கு அது என்றும், அந்தச் சனிக்கிழமை இரவு ஒன்பது மணிக்கு நான்கு பேர் அவனுக்காகக் காத்திருப்பார்கள் என்றும் அப்பாவுக்கு எப்படிச் சொல்வது? தம்பி எதுவும் பேசவில்லை. என்னிடம் நான்கு நாள் பேசவில்லை.

நான் மீண்டும் எழுதினேன். இம்முறை நீளமாக. தம்பி எவ்வளவு நல்ல பிள்ளை, அந்த நண்பர்கள் அவனுக்கு எவ்வளவு முக்கியம், நாங்கள் ஏமாற்றுக்காரர்கள் இல்லை என்று ஒரு பக்கம். பதில்: உங்கள் ஏமாற்றத்தைப் புரிந்துகொள்கிறோம், முடிவில் மாற்றமில்லை. மீண்டும் எழுதினேன். அதே பதில், எழுத்துக்கு எழுத்து அதே. அழுத பிள்ளை பால் குடிக்கும் என்பார்கள். இங்கே அழுதால் தானியங்கிப் பதில்தான் கிடைத்தது.

மறுபக்கத்தில் உட்கார்ந்திருப்பவர்

நவம்பர் 9, ஞாயிற்றுக்கிழமை, பெரியப்பா மகன் வீட்டுக்குச் சாப்பிட வந்தார். அண்ணனுக்கு வாடிக்கையாளர் சேவை மையம் ஒன்றில் வேலை. விளையாட்டு நிறுவனத்துக்காக அல்ல, வெளிநாட்டுத் தங்கும்விடுதி முன்பதிவு நிறுவனம் ஒன்றுக்காக. ஆனால் வேலை ஒன்றுதான்: நாள் முழுக்க முகம் தெரியாதவர்களின் புகார்களுக்குப் பதில் எழுதுவது.

நான் அனுப்பிய மின்னஞ்சல்களை அவரிடம் காட்டினேன். பொறுமையாகப் படித்தார். "நல்லா உருக்கமா எழுதியிருக்கம்மா," என்றார். "ஆனா ஒரு நம்பர்கூட இல்லையே. நான் அந்த சீட்ல இருந்தா எதை வச்சித் தேடுறது?"

பிறகு தன் வேலையைப் பற்றிச் சொன்னார். கேட்கக் கேட்க எனக்கு வெட்கமாக இருந்தது.

முதல் பதிலை எழுதுவது பெரும்பாலும் மனிதர் இல்லை. புகாரில் உள்ள சில சொற்களைப் பார்த்து மென்பொருள் அதை ஒரு வரிசையில் போடும். 'திருட்டு' என்று தம்பி எழுதியதால் அது கணக்குத் திருட்டு வரிசைக்குப் போயிருக்கலாம். கட்டண வரிசைக்குப் போகவே இல்லாமல் இருந்திருக்கலாம். அதன் பிறகு வரும் முதல் நிலை ஊழியருக்குக் கையில் இருப்பது தயார்நிலைப் பதில்கள். ஒரு புகாருக்கு எத்தனை நிமிடம் எடுத்தார், ஒரு நாளில் எத்தனை முடித்தார் என்று அவரை அளக்கிறார்கள். முடக்கிய கணக்கைத் திறக்கும் அதிகாரம் அவருக்கு இருக்காது. அவரால் செய்யக்கூடியது ஒன்றுதான்: இரண்டாம் நிலைக்கு அனுப்புவது. அப்படி அனுப்ப அவருக்கு ஆதாரம் வேண்டும். பரிவர்த்தனை எண், தேதி, நேரம், திரைப்பிடிப்பு. அவை இல்லாத புகாரை மேலே அனுப்பினால் அது திரும்பி வரும்; அவர் கணக்கில் குறையாகச் சேரும்.

"ஒரே விஷயத்துக்கு அஞ்சு புகார் போட்டா அஞ்சு பேர்கிட்ட போகும், அஞ்சு பேரும் பாதிக் கதைதான் பார்ப்பாங்க," என்றார் அண்ணன். "சில சிஸ்டத்துல, நீ மறுபடி மறுபடி எழுதினா உன் புகார் வரிசையில கடைசிக்குப் போயிடும்."

தம்பி முதல் முறையாகக் கேட்டான்: "அப்போ கோவமா எழுதினா?"

"ஒரு நாளைக்கு அறுபது பேர் என்னைத் திட்டுறாங்க தம்பி. அறுபத்தோராவது ஆள் திட்டுனா எனக்கு என்ன வித்தியாசம் தெரியும்? ஆனா தேதி, நேரம் போட்டு வரிசையா எழுதியிருந்தா நிமிர்ந்து உட்காருவேன். இவங்களுக்கு வேலை முடியும், எனக்கும் வேலை முடியும்."

பத்து லட்சம் புகார்கள்

இது எங்கள் வீட்டில் மட்டும் நடந்த கதை என்று நினைத்துவிடாதீர்கள். 'ஃபோர்ட்நைட்' விளையாட்டை உருவாக்கிய எபிக் கேம்ஸ் நிறுவனம்மீது அமெரிக்கக் கூட்டரசு வர்த்தக ஆணையம் 2022 டிசம்பரில் நடவடிக்கை எடுத்தது. பொத்தான்களைக் குழப்பமாக அமைத்து, விளையாடுபவர்கள் விரும்பாமலேயே பொருள் வாங்க வைத்தார்கள் என்பது ஒரு குற்றச்சாட்டு. அனுமதியில்லாமல் போன கட்டணத்தை வங்கியிடம் எதிர்த்துக் கேட்டவர்களின் கணக்குகளை முடக்கினார்கள் என்பது இன்னொன்று. இதைப் படித்தபோது எனக்கு எங்கள் கதை நினைவுக்கு வந்தது. தவறான கட்டணங்கள் குறித்து வந்த பத்து லட்சத்துக்கும் அதிகமான புகார்களை நிறுவனம் கண்டுகொள்ளவில்லை என்றும் ஆணையம் கூறியது.

கடைசியில் உடன்பாடு ஏற்பட்டது. விளையாடுபவர்களுக்குத் திருப்பிக் கொடுக்க 245 மில்லியன் டாலர் தர நிறுவனம் ஒப்புக்கொண்டது. கட்டணத்தை எதிர்த்துக் கேட்டதற்காகக் கணக்கை முடக்கக் கூடாது என்ற உத்தரவு 2023 மார்ச்சில் இறுதியானது. 2024 டிசம்பரில் பணம் மக்கள் கைக்கு வரத் தொடங்கியது.

பத்து லட்சம் பேர் தனித்தனியாக எழுதியபோது அசையாத நிறுவனம், அந்தப் புகார்களைச் சேர்த்து, வகைப்படுத்தி, ஆதாரமாக மாற்றிய ஓர் அமைப்பு வந்தபோது அசைந்தது.

ஒரு தனி மனிதரால் முடியாது என்றும் சொல்லிவிட முடியாது. 'ஜிடிஏ ஆன்லைன்' 2013-இல் வெளிவந்தது. கணினியில் அது திறப்பதற்கு ஐந்து, ஆறு நிமிடங்கள் ஆகின்றன என்று ஆண்டுக்கணக்கில் புலம்பல். 2021 பிப்ரவரி இறுதியில் 'டி0எஸ்டி' என்ற புனைபெயர் கொண்ட ஒரு நிரலாளர் புலம்புவதை விட்டுவிட்டு அளந்து பார்த்தார். விளையாட்டுக்குள் விற்கும் பொருள்களின் பட்டியல் ஒன்று, ஏறக்குறைய 10 மெகாபைட் அளவில், சுமார் 63,000 பொருள்களோடு இருந்தது. அதைப் படிக்கும் நிரல், ஒவ்வொரு துண்டைப் படிக்கும்போதும் மீதிப் பட்டியலின் நீளத்தைக் கடைசிவரை எண்ணிக்கொண்டிருந்தது. ஒரு புத்தகத்தில் ஒவ்வொரு சொல்லைப் படிப்பதற்கு முன்பும், முடிவு வரை இன்னும் எத்தனை எழுத்துகள் இருக்கின்றன என்று எண்ணிப் பார்ப்பதற்கு ஒப்பானது அது. போதாததற்கு, ஒவ்வொரு பொருளும் ஏற்கெனவே பட்டியலில் வந்துவிட்டதா என்று முன்னால் உள்ள எல்லாவற்றோடும் ஒப்பிட்டது.

அவர் இரண்டையும் திருத்திக் காட்டினார். ஆறு நிமிடம் இரண்டு நிமிடத்துக்கும் கீழே வந்தது. எப்படிக் கண்டுபிடித்தார், எங்கே தவறு, எப்படித் திருத்துவது என்று படிப்படியாக எழுதி வெளியிட்டார். சில வாரங்களில் ராக்ஸ்டார் நிறுவனம் அவர் சொன்னது சரி என்று ஏற்றுக்கொண்டு விளையாட்டைத் திருத்தியது. அவருக்கு 10,000 டாலர் வெகுமதியும் கொடுத்தது.

'மெதுவாக இருக்கிறது' என்பது புலம்பல். 'இந்த இடத்தில், இந்தக் காரணத்தால், இவ்வளவு நேரம் வீணாகிறது' என்பது புகார். நாமெல்லாம் நிரலாளர்கள் இல்லைதான். ஆனால் தேதியும் நேரமும் எழுத நிரலாளராக இருக்கத் தேவையில்லை.

கோடிட்ட தலைப்பு

அண்ணன் சாப்பிட்டுவிட்டுப் போன பிறகு நானும் தம்பியும் மேசையில் உட்கார்ந்தோம். "எங்கிருந்து ஆரம்பிக்கிறது?" என்று கேட்டான். எனக்கு அப்போதுதான் அந்தக் கால்வாய்க் கடிதம் நினைவுக்கு வந்தது. தலைப்பைப் பார்த்ததும் விஷயம் புரிய வேண்டும். பத்திகளுக்கு எண் போட வேண்டும். என்ன நடந்தது, எப்போது, அதனால் என்ன பாதிப்பு, நீங்கள் என்ன செய்ய வேண்டும் என்பதே வரிசை. ஆசிரியர் கரும்பலகையில் எழுதிப் போட்ட அதே வரிசை.

பழைய புகார்களைத் திறக்காமல் ஒரே புகாராக ஆங்கிலத்தில் எழுதினோம். அதன் சாரம் இது:

1. விளையாட்டு அடையாள எண், கணக்கு தொடங்கிய மாதம். இதற்கு முன் அனுப்பிய புகார்களின் எண்கள். அவை எல்லாம் இதே விவகாரம்தான்.

2. அக்டோபர் 20, இரவு 9.42: 99.90 வெள்ளிக்குக் காயின் வாங்கினோம். பரிவர்த்தனை எண் இது. ரசீது இணைப்பு 1.

3. அக்டோபர் 23, பிற்பகல் 2.30: அதுவரை காயின் வராததால் அக்கா பணத்தைத் திரும்பக் கேட்டார். இணைப்பு 2.

4. அதே நாள், மாலை 4.10: காயின் வந்தது. பணம் திரும்பக் கேட்டிருப்பது தெரியாமல் தம்பி அதில் ஒரு பகுதியைச் செலவழித்தான். இணைப்பு 3.

5. அக்டோபர் 25: கணக்கு முடக்கப்பட்டது.

6. எங்கள் கோரிக்கை: திரும்ப வந்த 99.90 வெள்ளியை மீண்டும் செலுத்தத் தயார். எப்படிச் செலுத்துவது என்று சொல்லுங்கள், கணக்கைத் திறந்துவிடுங்கள்.

நான்காவது வரியை எழுத தம்பி தயங்கினான். "இதை நாமளே ஒத்துக்கணுமா அக்கா?" என்றான். ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும். அந்த வரிதான் கதையின் முடிச்சு. அதை மறைத்துவிட்டு எழுதிய ஒரு பக்கக் கண்ணீர்க் கடிதத்தை, அவர்கள் திரையில் உள்ள பதிவோடு ஒப்பிட்டுப் பார்த்த எவரும் நம்பியிருக்க மாட்டார்கள். மூன்றாவது வரியை எழுத நானும் தயங்கினேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

நவம்பர் 13-ஆம் தேதி பதில் வந்தது. அதன் கீழே முதல் முறையாக ஒரு மனிதரின் பெயர் இருந்தது. ரசீதின் தெளிவான படம் ஒன்று கேட்டிருந்தார். அனுப்பினோம். பணம் கட்டும் வழியைச் சொன்னார். கட்டினோம். நவம்பர் 18-ஆம் தேதி கணக்கு திறந்தது. முடங்கி 24 நாள் ஆகியிருந்தது.

எல்லாம் பழையபடி ஆகிவிடவில்லை. அந்தப் பருவத்தின் தரவரிசை முடிந்துவிட்டது. நண்பர்கள் ஐந்தாவது ஆளாக வேறொருவனைச் சேர்த்திருந்தார்கள். தம்பி இப்போது மாற்று ஆட்டக்காரன் போல, முறை வைத்து ஆடுகிறான். ஆனால் சனிக்கிழமை ஒன்பது மணிக் கதை தொடர்கிறது. அறைக்குள்ளிருந்து சிரிப்புச் சத்தம் கேட்கிறது.

நாம் கேட்கலாம்

இதில் நம் தவறு மட்டுமா இருக்கிறது? இல்லை. காயின் மூன்று நாள் தாமதமாக வந்தது அவர்கள் தவறு. தீராத புகாரைத் தீர்ந்தது என்று மூடியது அவர்கள் தவறு. நாங்கள் வாங்கியது மலேசியாவில், வெள்ளியில். வெளிநாட்டு நிறுவனங்கள் இங்கே விற்கும் மின்னியல் சேவைகளுக்கு 2020 ஜனவரி முதல் 6 விழுக்காடு சேவை வரி வந்தது. 2024 மார்ச் முதல் அது 8 விழுக்காடு. அந்த வரி கடைசியில் நம் சட்டைப்பையிலிருந்துதான் போகிறது. இங்கே விற்கத் தெரிந்தவர்களுக்கு இங்கே பதில் சொல்லவும் தெரிய வேண்டும். பதினாறு வயது மாணவன் தனக்குத் தெரிந்த மொழியில் எழுதினால், அதைப் படிக்க ஒருவர் இருக்க வேண்டும்.

அதைக் கேட்க இங்கே இடம் இருக்கிறது. நம் நாட்டில் 1999-ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் உள்ளது. 2007-இல் செய்த திருத்தத்தால் இணையம் வழி நடக்கும் வாணிபமும் அதற்குள் வந்தது. அந்தச் சட்டத்தின் கீழ் இயங்கும் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்தில் 5 வெள்ளி கட்டி வழக்குப் பதியலாம். 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கைகளை அது விசாரிக்கும். பொதுவாக வழக்கறிஞர்கள் இல்லாமல், நாமே பேசலாம். நிறுவனத்துக்கு இங்கே அலுவலகமே இல்லை என்றால் தீர்ப்பை நிறைவேற்றுவது கடினம் என்பது உண்மை. ஆனால் இ-வாலட், உள்ளூர் டாப்-அப் கடை போன்றவை இங்கேயே இருப்பவை.

பினாங்கு மாணவர்களுக்கு இன்னொரு வாய்ப்பும் உண்டு. பினாங்கு பயனீட்டாளர் சங்கம் 1969-இல் தொடங்கப்பட்டது. அரை நூற்றாண்டுக்கும் மேலாகப் பொதுமக்களின் புகார்களை எழுத்தில் வாங்கி, உரியவர்களுக்கு அனுப்பி வருகிறது. தமிழிலும் 'பயனீட்டாளர் குரல்' என்ற இதழை வெளியிட்டது. அவர்களிடம் போனாலும் முதலில் கேட்பது இதைத்தான்: ரசீது இருக்கிறதா, தேதி என்ன?

விளையாடும் நண்பர்களே, எங்களுக்குக் கிடைத்த பாடங்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

• பணம் கட்டிய அந்த நிமிடமே திரைப்பிடிப்பு எடுத்து வையுங்கள். பரிவர்த்தனை எண் அதில் தெரிய வேண்டும். கணக்கு முடங்கிய பிறகு உள்ளே போய் எடுக்க முடியாது.

• தவறு எங்கே என்று முதலில் பாருங்கள். 2017 செப்டம்பரில் ஸ்டீம் தளம் மலேசியாவில் பலருக்குத் திறக்கவில்லை. காரணம் அவர்கள் கணினியோ இணைப்போ அல்ல. தெய்வங்கள் மோதிக்கொள்ளும் ஒரு விளையாட்டை முன்னிட்டு, மலேசியத் தொடர்பு, பல்லூடக ஆணையம் தளத்தையே தடுத்திருந்தது. அந்த விளையாட்டை இங்கே விற்பனையிலிருந்து எடுத்ததும் தடை நீங்கியது. அப்படிப்பட்ட நாளில் செயலியை எத்தனை முறை அழித்துப் போட்டாலும் பயனில்லை.

• ஒரு விவகாரத்துக்கு ஒரே புகார். கூடுதல் தகவல் இருந்தால் அதே புகாரில் சேருங்கள்.

• பணத்தைத் திரும்பக் கேட்பதற்கு முன் நிறுவனத்தின் விதிகளைப் படியுங்கள். வீட்டில் இருவர் சம்பந்தப்பட்டிருந்தால் ஒருவருக்கொருவர் சொல்லிவிட்டுச் செய்யுங்கள். இதை எழுதும்போது எனக்கே சிரிப்பு வருகிறது.

• கணக்கை மீட்டுத் தருகிறேன், கடவுச்சொல்லைக் கொடு என்று யாராவது செய்தி அனுப்பினால் கொடுக்காதீர்கள். கணக்கு முடங்கிய வாரத்தில் தம்பிக்கு அப்படி இரண்டு செய்திகள் வந்தன.

• உங்கள் பக்கத் தவறு இருந்தால் அதையும் எழுதுங்கள். என்ன வேண்டும் என்பதைக் கடைசி வரியில் தெளிவாகக் கேளுங்கள்.

இவற்றில் எதுவும் புதிதல்ல. தமிழ்ப்பள்ளியிலும் இடைநிலைப்பள்ளியிலும் நமக்குச் சொல்லிக்கொடுத்தவைதான். தேர்வுக்காகப் படித்ததால், அது தேர்வுக்கு மட்டும் என்று நினைத்துவிட்டோம். அதிகாரம் இல்லாத ஒருவர் அதிகாரம் உள்ள ஒருவரிடம் நியாயம் கேட்பதற்கான வழி அது என்று எனக்கு இருபது வயதில்தான் தெரிந்தது.

போன மாதம் வீட்டு இணையக் கட்டணம் வழக்கத்தைவிட 40 வெள்ளி கூடுதலாக வந்திருந்தது. அம்மா கைப்பேசியை எடுத்து அழைத்துச் சத்தம் போடத் தயாரானார். அறையிலிருந்து வெளியே வந்த தம்பி, அம்மாவின் கையிலிருந்து கைப்பேசியை மெதுவாக வாங்கிக் கீழே வைத்தான். ஒரு தாளையும் பேனாவையும் எடுத்துக்கொண்டு எதிரில் உட்கார்ந்தான்.

"சத்தம் அப்புறம் போடலாம்மா," என்றான். "போன மாசம் பில் எங்க? முதல்ல தேதியச் சொல்லுங்க."